அட்டைக்கு எவ்வளவு? கொழும்பில் 500 பிரதி அச்சிட்ட ஒரு சிறுகதைத் தொகுப்பின் கணக்கு

பின்னணி

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு 2024 ஓகஸ்டில் வெளிவந்தது. வெளியிட்டது, கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையில் இரண்டு பேர் நடத்தும் சிறு பதிப்பகம். அச்சுச் செலவு எழுதியவருடையது. பக்க அமைப்பு, நூலுக்கான சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என். எடுப்பது, கடைகளுக்குக் கொடுப்பது பதிப்பகத்தின் பொறுப்பு. எல்லாம் வாய்ப்பேச்சு. இப்படித்தான் இங்கே பெரும்பாலான தமிழ் நூல்கள் வருகின்றன. அதனால் இந்த வழக்கு விதிவிலக்கானது அல்ல. ஆட்களையும் நூலின் பெயரையும் விட்டுவிட்டு, கணக்கை மட்டும் முழுமையாகத் தருகிறோம். எந்தச் செலவு யாருடைய பையிலிருந்து போனது என்று பிரிக்காமல், நூலின் ஒரே கணக்காக எழுதப்பட்டிருக்கிறது.

அளவு எட்டிலொன்று டெமி, அதாவது 5.5 × 8.5 அங்குலம். 176 பக்கம்: 16 பக்கப் போர்ம் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் தாள்) 11. உள்ளே ஒரு நிறம், அட்டை நான்கு நிறம், மற் லமினேற்றிங் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்ரிக் உறை), பசைக்கட்டு.

மதிப்பீடு

ஏப்ரலில் இரண்டு அச்சகங்களிடம் விலை கேட்டார்கள். பெரிய அச்சகம் ஒன்று 205,000 ரூபா சொன்னது. மருதானைப் பக்கத்துச் சிறிய அச்சகம் 222,000 சொன்னது. 17,000 ரூபா மிச்சம் என்று வேலை பெரியதற்கே போனது. மதிப்பீட்டுத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் கிடந்த ‘வற் தவிர்த்து’ என்ற இரண்டு சொற்களை ஒருவரும் வாசிக்கவில்லை.

2024 ஜனவரி முதல் வற், அதாவது பெறுமதி சேர் வரி, 18 சதவீதம். 205,000க்கு அது 36,900. பில் 241,900 என்று வந்தது. அந்த ஆண்டில் வற் பதிவுக்கான எல்லை வருடத்துக்கு 6 கோடி ரூபா விற்பனை. மருதானை அச்சகம் அந்த எல்லைக்குக் கீழே நின்றது, ஆகவே அது சொன்ன 222,000தான் கட்டவேண்டிய முழுத் தொகையும். மலிவென்று தெரிவு செய்தது உண்மையில் 19,900 ரூபா கூடுதல்.

இது தெரியாமல் ஏப்ரலில் போட்ட கணக்கு இப்படி இருந்தது: அச்சு 205,000, பக்க அமைப்பு பக்கத்துக்கு 75 ரூபா வீதம் 13,200, ‘அட்டை’ 7,500. மொத்தம் 225,700, ஒரு பிரதிக்கு 451 ரூபா 40 சதம். விலை 900 என்று முடிவாயிற்று. கடைக்கழிவு 35 சதவீதம் போனால் கைக்கு வருவது 585. பிரதிக்கு 133 ரூபா 60 சதம் மிஞ்சும் என்பது நம்பிக்கை.

அந்தக் கணக்கில் ‘அட்டை’ என்பது ஒரே ஒரு சொல். 7,500 ரூபாவுக்குள் படம் அடங்குமா, படத்தின் உரிமை அடங்குமா, திருத்தம் எத்தனை தடவை, மூலக் கோப்பு யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இந்தச் சொல்லுக்குள்ளேயே கிடந்தது.

முதல் அட்டை

வடிவமைத்தவர் பகலில் விளம்பர நிறுவனமொன்றில் வேலை பார்த்து, இரவில் நூல் அட்டை செய்யும் இளைஞர். மே மாத இறுதியில் மூன்று மாதிரி அனுப்பினார். மழை வழியும் ஜன்னலோரம் முதுகு காட்டி நிற்கும் பெண்ணின் ஓவியம் எல்லோருக்கும் பிடித்தது. படம் எங்கிருந்து என்று எழுதியவர் கேட்டார். வந்த பதில்: “ரீச்சர், நெற்றில கிடந்த படம்தானே. ஆர் கேக்கப்போயினம்?”

ஜூன் இரண்டாம் கிழமை அட்டை முகநூலில் போடப்பட்டது. அதே நாள், அதே படத்துடன் 150 அழைப்பிதழ் 9,000 ரூபாவுக்கு அச்சாயிற்று. மூன்றாம் நாள் வாசகர் ஒருவர் மூல ஓவியரின் பக்கத்தைக் கொண்டுவந்து கீழே ஒட்டினார். ஓவியர் வெளிநாட்டவர். மரியாதையாகத்தான் எழுதினார்: அனுமதி கொடுக்கவில்லை, வேண்டுமானால் 200 டொலர். அன்றைய மாற்றுவீதத்தில் ஏறத்தாழ 60,000 ரூபா, பிரதிக்கு 120 ரூபா.

அன்றிரவே பதிவு நீக்கப்பட்டது. ஓவியருக்கு மன்னிப்புக் கடிதம் போனது. அழைப்பிதழ்கள் ஒதுக்கப்பட்டன, ஜூன் கடைசி ஞாயிறு வெளியீடு ஓகஸ்டுக்குத் தள்ளப்பட்டது. அட்டைக்குப் பிளேற் (அச்சுத் தகடு) போடவில்லை என்பது மட்டும் அதிர்ஷ்டம். கட்டி முடித்த பின் தெரிந்திருந்தால் 500 பிரதியிலும் அட்டையை உரித்து, முதுகைச் சீவி, மறுபடி கட்டவேண்டியிருக்கும். உள் ஓரம் சில மில்லிமீற்றர் குறைந்து எழுத்து மடிப்புக்குள் போயிருக்கும்.

வடிவமைப்பாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 7,500 ரூபாவுக்கு ஓவியமும் சேர்த்து எதிர்பார்த்தால், அந்த ஓவியம் எங்கேயோ இருந்து எடுக்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

மூன்று வழிகள்

முதல் வழி, 200 டொலரைக் கட்டுவது. படம் நல்லது, ஓவியரும் இணங்கியிருந்தார். காசு இல்லாததால் கைவிடப்பட்டது.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவில் ஒரு படம் செய்வது. செய்தும் பார்த்தார்கள். சேலைத் தலைப்பு வலத்தோளில் விழுந்தது. பின்னால் இருந்த கடைப்பலகையில் தமிழ் போலத் தோன்றிய, எந்த மொழியுமல்லாத கீறல்கள். அவற்றைத் திருத்தலாம் என்றாலும் அளவு இடித்தது. படம் 1024 × 1024 புள்ளி. எட்டரை அங்குல உயரத்துக்கு அதை இழுத்தால் அங்குலத்துக்கு 120 புள்ளிதான் கிடைக்கும். அச்சுக்கு 300 வேண்டும். அதோடு எழுதியவர், கதைகளுக்குள் வரும் தெருவை அறியாத படம் வேண்டாம் என்றார். அந்த மறுப்பு சரியானதென்றே படுகிறது.

மூன்றாவது வழிதான் நடந்தது. தெஹிவளையில் இருக்கும் இளம் ஓவியர் ஒருவரிடம் 15,000 ரூபாவுக்கு நீர்வர்ண ஓவியம் கேட்கப்பட்டது. பாதி முன்பணம், பாதி படம் கையில் கிடைத்ததும். இம்முறை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. வரைந்த கணத்திலேயே அது ஓவியருடையது. பிறருக்கு உரிமை மாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். காசு கொடுத்தால் படம் நம்முடையது என்ற எண்ணம் கொழும்பில் பரவலாக உண்டு, ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அந்த ஒரு பக்கத்தில் இருந்தவை: இந்த நூலின் தமிழ்ப் பதிப்பு, 1,000 பிரதி வரை, மின்னூலும் சேர்த்து, அழைப்பிதழ், பதாகை, முகநூல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், வேறு பொருட்களில் அச்சிட முடியாது, சிங்கள அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தால் தனிக் கட்டணம், மூல ஓவியம் ஓவியருடையது, பெயர் விபரப் பக்கத்திலும் பின்னட்டையிலும், ஐந்து பிரதி இலவசம். எழுத அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

படம் கைக்கு வந்தபின்

ஓவியம் ஏ3 தாளில் வந்தது. ஓவியர் முதலில் வட்ஸ்அப்பில் அனுப்பிய புகைப்படத்தையே வடிவமைப்பாளர் அட்டையில் ஏற்றிவிட்டார். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். வந்து சேர்ந்தது 1200 × 1600 புள்ளி. எட்டரை அங்குலத்துக்கு 188 புள்ளி. கைத்தொலைபேசித் திரையில் கண்ணாடி மாதிரி இருந்தது, அச்சில் மங்கலாகியிருக்கும். மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்ததால் வெள்ளைத் தாள் மஞ்சளாகவும் இருந்தது. புறக்கோட்டையில் ஏ3 ஸ்கானர் உள்ள கடையில் 1,500 ரூபாவுக்கு 300 புள்ளியில் ஸ்கான் செய்யப்பட்டது. படம் அட்டைக்குப் பாதியளவாகச் சுருங்குவதால் அது தாராளம்.

அடுத்த சிக்கல் வடிவம். வெட்டு ஓரம் 3 மில்லிமீற்றர் சேர்த்து முன்னட்டைக்கு வேண்டியது 146 × 222 மில்லிமீற்றர். ஏ3 தாள் அதைவிட அகலமான வடிவம். உயரத்துக்குப் பொருத்தினால் அகலம் 157 வரும். 11 மில்லிமீற்றர் வெட்டுப்படவேண்டும். வெட்டுப்பட்டது ஓவியர் கையெழுத்திட்ட மூலை. தலைப்புக்கென்று வெறுமையும் விடப்படவில்லை, ஆகவே தலைப்பு மரக்கிளைமேல் ஏறி உட்கார்ந்தது. ஓவியரிடம் அட்டையின் அளவைச் சொல்லாமல், கதையை மட்டும் சொன்னதன் பலன் இது.

நிறமும் ஏமாற்றியது. திரை ஒளியால் காட்டும் மயில்நீலம், அச்சின் நான்கு மைகளான சயன், மஜந்தா, மஞ்சள், கறுப்பால் பிறக்காது. மற் லமினேற்றிங் இன்னும் சற்று மங்க வைக்கும். வந்த நீலம் சாம்பல் கலந்தது. ஒரே ஒரு டிஜிற்றல் மாதிரி எடுத்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். இரண்டு நாள் மிச்சம் பிடிக்க அது தவிர்க்கப்பட்டது.

தலைப்பில் ‘கொ’ ஒன்று இருந்தது. அச்சகக் கணனியில் கோப்பைத் திறந்ததும் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோட்டில் ‘கொ’ என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற ஒழுங்கில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னுக்கு இழுத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகள், இன்டிசைன் போன்றவற்றில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்காவிட்டால் அந்த வேலை நடக்காது. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்து பழகிய அச்சகங்களில் இது இன்றைக்கும் வழமை. தீர்வு எளிது: அனுப்பமுன் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, பி.டி.எப். ஆக மட்டும் கொடுப்பது. எழுதியவர் அன்று அச்சகத்துக்கு நேரில் போயிருந்ததால் பிடிபட்டது. பின்னட்டையின் பட்டைக்குறி செந்நிறக் கோடுகளாக இருந்ததும் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டுக் கறுப்பாக்கப்பட்டது. பட்டைக்குறி வாசிக்கும் கருவிகள் பல சிவப்பு ஒளியைப் பாய்ச்சுபவை. அவற்றுக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான்.

தாள் மாறியது

ஜூலைக் கடைசியில் ஜனாதிபதித் தேர்தல் திகதி அறிவிக்கப்பட்டது. செப்டெம்பர் 21. துண்டுப்பிரசுர வேலைகள் அச்சகங்களை நிறைக்கத் தொடங்கின. அந்த அவசரத்தில் அச்சகம் தொலைபேசியில் சொன்னது: பேசிய கிறீம் நிறப் பருமன் தாள் முடிந்துவிட்டது, அதே விலைக்குச் சதுரமீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள வெள்ளைத் தாள் போடலாமா? பதிப்பகத்தார் சரி என்றார். அட்டை அச்சாகி முடிந்திருந்ததை அவரும் நினைக்கவில்லை, அச்சகமும் நினைவூட்டவில்லை.

176 பக்கம் என்பது 88 தாள். கிறீம் தாளின் தடிப்பு 0.12 மில்லிமீற்றர், முதுகு 10.6 மில்லிமீற்றர் என்று வடிவமைக்கப்பட்டிருந்தது. 80 கிராம் வெள்ளைத் தாள் 0.1, முதுகு 8.8 ஆகிவிட்டது. 1.8 மில்லிமீற்றர் வித்தியாசம். முதுகில் ஓடிய கருஞ்சிவப்புப் பட்டை முன்னட்டையில் 0.9, பின்னட்டையில் 0.9 என்று வழிந்தது.

அட்டையை மட்டும் மறுபடி அச்சிட அச்சகம் 28,000 ரூபா கேட்டது. பிரதிக்கு 56 ரூபா. வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒரு மில்லிமீற்றர் வழிவை வடிவமைப்பாளர் காண்பார், வாசகர் காணமாட்டார். கணக்கும் அதைத் தாங்கியிருக்காது. முதுகுக்குத் தனி நிறம் போடாமல் முன்னட்டையின் நிறத்தையே சுற்றிவர விட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

வெளியீடு

ஓகஸ்ட் மூன்றாம் ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தை மண்டபமொன்றில். மண்டபம், ஒலிபெருக்கி, 120 பேருக்குச் சிற்றுண்டி, பதாகை, புதிய அழைப்பிதழ் என 68,000 ரூபா. வந்தவர்கள் ஏறத்தாழ 90 பேர். 84 பிரதி போனது. இங்கே வெளியீட்டில் யாரும் விலை பார்த்து வாங்குவதில்லை. என்வலப்பில் வைத்துக் கொடுப்பார்கள். முதற்பிரதி வாங்கிய வர்த்தகப் பிரமுகர் 25,000 வைத்தார். மொத்தம் 118,000 சேர்ந்தது. முதற்பிரதியைக் கழித்தால் மற்ற 83 என்வலப்பிலும் சராசரி 1,120 ரூபா. எழுதியவர்களுக்கு வெளியீட்டு விழா ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதற்கு இந்த எண்ணே பதில். விழாப் பேச்சுகளின் நீளத்தைக் குறை சொல்பவர்கள் இதையும் பார்க்கவேண்டும்.

அணிந்துரை எழுதியவர், பேச்சாளர்கள், பத்திரிகைகள், ஓவியர், நூலகங்கள் என 46 பிரதி இலவசமாகப் போயிற்று. கணக்கில் இதற்கு இடமே வைக்கப்படவில்லை.

கடைகள்

நான்கு கடைகளுக்கு 150 பிரதி, விற்றபின் காசு என்ற ஏற்பாட்டில். ஆறு மாதத்தில் 61 விற்றன. காசு வந்தது 38 பிரதிக்கு, 22,230 ரூபா. மீதி 23 பிரதிக்கு “முதலாளி இல்லை, அடுத்த கிழமை வாங்கோ.” இரண்டு கடைகளிடம் பிரதி கொடுத்ததற்கான சீட்டே இல்லை, ஒரு கடையில் 40 கொடுத்ததா 35 கொடுத்ததா என்று வாக்குவாதம் வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் போய் வந்த செலவு, பார்சல் செலவு எல்லாம் சேர்த்து 11,400.

பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடந்த அந்த ஆண்டுச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில், வேறொரு பதிப்பகத்தின் மேசை ஓரத்தில் இடம் கேட்டு 27 பிரதி 20 சதவீதக் கழிவில் விற்றது: 19,440. எழுதியவர் கையால் 58 பிரதி விற்றார்: 52,200. ரொறன்ரோவுக்குப் போன உறவினர் பெட்டியில் 30 பிரதி போய், அங்கே விற்று 45,000 அனுப்பினார். அப்போது பேபாலில் இலங்கையில் பணம் பெற முடியாததால், கேட்டு எழுதிய மற்ற வெளிநாட்டு வாசகர்களுக்கு அனுப்ப வழி அமையவில்லை.

2025 ஜனவரி இறுதிக் கணக்கு

செலவு: அச்சு 241,900, பக்க அமைப்பு 13,200, அட்டை வடிவமைப்பு 7,500, ஓவியம் 15,000, ஸ்கான் 1,500, வீணான அழைப்பிதழ் 9,000, வெளியீடு 68,000, போக்குவரத்து 11,400. மொத்தம் 367,500.

வரவு 256,870. பற்றாக்குறை 110,630. கடைகள் தரவேண்டிய 13,455 வந்தாலும் 97,175 குறையும். கையிருப்பு 194 பிரதி, அதில் 89 கடைகளில். அவ்வளவும் கடைவழியே விற்றுக் காசும் வந்தால் 113,490. அதன்பின் 16,315 ரூபா மிஞ்சும். இரண்டு வருட எழுத்துக்கு.

வெளியீட்டையும் போக்குவரத்தையும் விட்டுப் பார்த்தால் ஒரு பிரதியின் அடக்கம் 576 ரூபா 20 சதம். கடை தரும் 585இல் மிஞ்சுவது 8 ரூபா 80 சதம். 133 ரூபா 60 சதம் எங்கே போயிற்று? வற் 73.80, அட்டை சம்பந்தமானது 51. அந்த 51இலும் உண்மையில் வீணானது பழைய அழைப்பிதழின் 18 ரூபா மட்டுமே. மீதி 33 ரூபா ஓவியத்துக்கும் ஸ்கானுக்கும் நியாயமான விலை. ஏப்ரலில் எழுதப்படாமல் ஜூலையில் எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

மாற்றவேண்டியவை

அடுத்த நூலுக்குப் பதிப்பகம் வேலை ஒழுங்கை மாற்றியிருக்கிறது. முதலில் தாள். அச்சிடப்போகும் அதே தாளில், நூலின் பக்க எண்ணிக்கைக்கு வெற்றுப் பக்கங்களை அச்சகத்திடம் கட்டி வாங்கி, முதுகை அளவுகோலால் அளந்த பிறகே அட்டைக் கோப்பு தொடங்கும். தாள் மாறினால் வட்ஸ்அப்பில் எழுத்தில் சொல்லவேண்டும் என்பது கொள்முதல் கடிதத்தில் ஒரு வரி. மதிப்பீடு எல்லா வரியும் சேர்த்து என்று கேட்கப்படும்.

அட்டைக்கு இனி மூன்று வரி: ஓவியம், வடிவமைப்பு, மாதிரி. வடிவமைப்பாளருக்கு 12,000, அதற்குள் மூன்று திருத்தமும் மூலக் கோப்பும் அடக்கம். இந்த நூலின் மூலக் கோப்புக்கு அவர் தனியாக 5,000 கேட்டார், கொடுக்கப்படவில்லை. இரண்டாம் பதிப்பு வந்தால் அட்டையைத் திரும்பச் செய்யவேண்டியிருக்கும். ஓவியருக்கு 146 × 222 மில்லிமீற்றர் சட்டகம் பென்சிலால் கீறிய தாள் கொடுக்கப்படும். மேல் மூன்றிலொரு பங்கு தலைப்புக்கு. கடைக்கு இரட்டைப் பிரதிச் சீட்டு: திகதி, எண்ணிக்கை, கழிவு, மூன்று மாதக் கணக்கு நாள். இலவசப் பிரதிக்கு 40 என்று கணக்கிலேயே ஒதுக்கி, மொத்தச் செலவை 460ஆல் பிரித்து விலை போடப்படும்.

500க்குப் பதிலாக 300 அச்சிடுவதா என்பதில் பதிப்பகத்தார் இருவருக்கும் இன்னும் ஒத்த கருத்தில்லை. பிளேற், அட்டை வடிவமைப்பு, ஓவியம் எல்லாம் எத்தனை பிரதி அச்சிட்டாலும் மாறாத செலவு. 300இல் பிரதிக்கு அடக்கம் ஏறும், ஆனால் முன்னறையில் பெட்டி அடுக்கி வைக்கத் தேவையில்லை.

எழுதியவர் வீட்டில் இருக்கும் பிரதிகள் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. லமினேற்றிங் அட்டையின் வெளிப்பக்கத்தை மட்டும் மூடுவதால், உட்பக்கம் உப்புக்காற்றின் ஈரத்தைக் குடித்து விரிகிறது. அட்டை வெளிப்புறமாக வளைகிறது. அட்டையின் இழை முதுகுக்குச் சமாந்தரமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். மார்ச்சில் எண்ணியபோது 11 பிரதிகள் வளைந்திருந்தன. மற்றவை இப்போது பத்துப் பத்தாகப் பொலித்தீனில் சுற்றி, நிலத்தில் படாமல் பலகைமேல் படுக்கையாக, மேலே பாரம் வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன.